கடத்தாத தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது?

தூய்மையான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது, அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன என்பது பொது அறிவு வினா-விடைப் புத்தகங்களில் தவறாமல் இடம்பிடிக்கும் செய்தி. மழைக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பிலும் ஒரு சுற்று வரும். அத்தோடு நின்றால் அதை மறுத்து எழுதவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அது தனியாக வருவதில்லை. எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர், அதனால் பயமில்லை என்கிறார் ஒருவர். மழைநீர் வானத்திலிருந்து வரும் சுத்த நீர், அது என்ன செய்யும் என்கிறார் இன்னொருவர். கரன்ட் தண்ணீரில் இறங்கினால் பரவி வலுவிழந்துவிடும் என்றும், அப்படியே எதுவும் ஆனாலும் ப்ரேக்கர் விழுந்து காப்பாற்றிவிடும் என்றும் பேச்சு நீள்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் ஈரத்தோடு இருந்தார்கள் என்று அந்த எண்ணிக்கை பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஈரம் இந்தச் சாவுகளில் என்ன வேலை செய்கிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த வேலையைத்தான் மேலே சொன்ன துணுக்கு மறைத்துவிடுகிறது.

முதலில் துணுக்கில் உள்ள உண்மையை முழுமையாக ஒப்புக்கொள்வோம். தாமிரக் கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். தண்ணீரில் அந்த வேலையைச் செய்பவை அயனிகள்: சோடியம், கால்சியம், குளோரைடு, பைகார்பனேட் போன்றவை. அயனி குறைந்தால் கடத்தலும் குறையும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் கோல்ராஷ் தண்ணீரைக் காற்றுப் படாத வெற்றிடத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, இதற்கு மேல் தூய்மைப்படுத்த முடியாது என்ற எல்லை வரை கொண்டுபோய் அளந்து பார்த்தார். கடத்துதிறன் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பூஜ்யத்தைத் தொடவில்லை. தண்ணீர் மூலக்கூறுகளில் மிகச் சில எப்போதும் தாமாகவே ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிந்துகொண்டே இருப்பதுதான் காரணம். இன்று ஏற்கப்பட்டிருக்கும் அளவு, 25 டிகிரி வெப்பத்தில் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். மிகச் சிறியது, ஆனால் பூஜ்யம் அல்ல. ஆகவே 'கடத்தாது' என்பதைவிட 'மிக மிகக் குறைவாகக் கடத்தும்' என்பதே சரி. இந்தச் சிறு திருத்தத்தால் யாருடைய உயிருக்கும் லாப நஷ்டம் இல்லை என்பதால் இதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை.

பெரிதுபடுத்த வேண்டியது வேறு. அந்தத் தூய்மை எவ்வளவு நேரம் நிற்கும்? அப்படிப்பட்ட நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மேசைமேல் திறந்து வைத்தால் போதும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, கடத்துதிறனை ஏறக்குறைய 1 மைக்ரோசீமன்ஸுக்கு, அதாவது இருபது மடங்குக்கு அருகில் ஏற்றிவிடும். உப்பு போடவில்லை, கை வைக்கவில்லை; காற்று பட்டதே போதுமானதாக இருக்கிறது. தண்ணீர் கடத்தாது என்பதற்குச் சான்றாகப் பெரிய அனல்மின் நிலையங்களைச் சிலர் காட்டுவார்கள். அங்கே 500 மெகாவாட் போன்ற பெரிய ஜெனரேட்டர்கள் பலவற்றில், பல ஆயிரம் வோல்ட் ஓடும் தாமிரக் கட்டைகளின் உள்ளே துளையிட்டு, குளிரூட்டுவதற்காகத் தண்ணீரையே ஓடவிடுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடிய சுற்றுக்குள்ளேயே சுழலவிட்டு, அதில் ஒரு பகுதியை அயனி உறிஞ்சும் பிசின் வழியே ஓயாமல் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். கடத்துதிறனை அளக்கும் கருவி எந்நேரமும் இயங்குகிறது. அளவு சற்று ஏறினாலே எச்சரிக்கை மணி அடிக்கும், மேலும் ஏறினால் எந்திரத்தையே நிறுத்த வேண்டியிருக்கும். தண்ணீரை நம்பலாம் என்றால் இத்தனை காவல் எதற்கு? கடத்தாத நிலை தண்ணீரின் இயல்பு அல்ல, விடாமல் உழைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை என்பதற்குத்தான் அந்த ஜெனரேட்டர் சாட்சி.

இனி வீட்டுக்கு வருவோம். ஆர்.ஓ. எந்திரம் விற்க வருபவர் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி எண் காட்டுவாரே, அந்த டி.டி.எஸ். மீட்டரின் நுனியைக் கவனித்துப் பார்த்தால் இரண்டு சிறு உலோக முனைகள் தெரியும். அந்தக் கருவி உப்பை எடைபோடுவதில்லை. இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு கரன்ட் போகிறது என்று அளந்து, அதை ஏறத்தாழப் பாதியாக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. தண்ணீர் கடத்தாவிட்டால் அந்தக் கருவி வேலையே செய்யாது. ஆகவே அது காட்டும் எண்ணை வைத்தே கணக்குப் போடலாம். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு சிறு சதுரத் தொட்டி. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு தகடுகள். தகடுகளுக்கு நம் வீட்டு 230 வோல்ட். நகரையொட்டிய பகுதிகளில் சாதாரணமாகக் கிடைக்கும், டி.டி.எஸ். 1,000 உள்ள போர் தண்ணீரை அதில் நிரப்பினால் சுமார் 4.6 ஆம்பியர் ஓடும். டி.டி.எஸ். 300 உள்ள குழாய்த் தண்ணீரில் 1.4 ஆம்பியர். தூய்மை என்று நம்பி நாம் குடிக்கும், டி.டி.எஸ். 50 உள்ள ஆர்.ஓ. தண்ணீரில் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் காற்றுப் பட்டு 2 மைக்ரோசீமன்ஸில் இருந்தால் 4.6 மில்லி ஆம்பியர். கோல்ராஷ் தேடிய உச்சத் தூய்மையில் 0.13 மில்லி ஆம்பியர். துணுக்கு சொல்வது கடைசி எண்ணைப் பற்றி. நாம் குளிப்பதும் துவைப்பதும் குடிப்பதும் முதல் மூன்றில். ஆர்.ஓ. தண்ணீரில் ஓடும் 230 மில்லி ஆம்பியர் ஆளைக் கொல்ல எவ்வளவு தேவையோ அதைப்போல் பல மடங்கு. இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீர் என்பதும் மின்சாரத்துக்குத் தூய தண்ணீர் என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அளவுகோல்கள்.

மழைநீர் விஷயத்தில் இந்த ஏமாற்றம் இன்னும் எளிது. மேகத்திலிருந்து புறப்படும் துளி உப்புக் குறைந்ததுதான். ஆனால் காற்றிலேயே தூசியையும் வாயுக்களையும் கரைத்துக்கொண்டு, கடலோரமென்றால் கடல் உப்பையும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. மொட்டைமாடியையும் சுவரையும் கழுவிவிட்டுத் தெருவில் சாக்கடையோடு கலந்தபின் அதற்கும் குழாய்த் தண்ணீருக்கும் மின்சாரம் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. கடலோர ஊர்களில் கம்பத்தின் பீங்கான் இன்சுலேட்டர்கள் மேல் உப்புத் தூள் படிந்திருக்கும். காய்ந்து கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. விடியற்காலைப் பனியோ லேசான தூறலோ பட்டதும் அந்தப் படலம் கரைந்து, பீங்கானின் மேற்பரப்பில் கரன்ட் ஊரத் தொடங்கி, சிர்ர் என்று சத்தம் கேட்கும். சில நேரம் பொறி பறந்து லைனே டிரிப் ஆகும். கனமழை உப்பைக் கழுவிவிடுவதால் இந்த இன்சுலேட்டர்களுக்கு அடைமழையைவிடத் தூறல்தான் மோசம். எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பதைவிட அது எதன் மேல் விழுந்து எதைக் கரைத்தது என்பதே பெரிது. நம் தோலுக்கும் இதே கணக்குத்தான். அதற்கு வருவதற்கு முன் பள்ளிக்கூடத்துச் சோதனை ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு முகவையில் டிஸ்டில்டு வாட்டர், இரண்டு கம்பிகள், ஒரு பேட்டரி, ஒரு சிறு பல்பு. பல்பு எரியாது. உப்பைப் போட்டுக் கலக்கினால் எரியும். மாணவர்கள் கைதட்டுவார்கள், தூய நீர் கடத்தாது என்பது நிரூபணமானதாக எழுதிக்கொள்வார்கள். வேதியியல் பாடமாக இது நல்ல சோதனை. ஆபத்தை அளக்கும் சோதனையாக இது மிக மோசமானது. டார்ச் பல்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரிய நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். எல்.இ.டி. நன்றாக எரிய சில மில்லி ஆம்பியர்களாவது வேண்டும். மனித உடலின் தேவை அவ்வளவு இல்லை. சுமார் அரை மில்லி ஆம்பியரிலேயே நமக்குச் சுரீர் என்று தெரியும். பத்து மில்லி ஆம்பியரை ஒட்டிக் கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். முப்பது, நாற்பதைத் தாண்டிச் சில நொடி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதாவது, டார்ச் பல்பு எரியாமல் இருட்டாக இருக்கும் அதே கரன்டில் ஒரு ஆள் செத்துப்போக முடியும். மேலும் அந்தச் சோதனை நடப்பது ஆறு அல்லது ஒன்பது வோல்ட்டில். குளியலறைச் சுவரில் இருப்பது 230 வோல்ட். பல்பு எரியவில்லை என்பதற்கு இந்தப் பல்புக்குப் போதவில்லை என்று மட்டுமே பொருள். இதைச் சொல்லித்தராமல் சோதனையை மட்டும் காட்டுவது பிள்ளைகளிடம் பாதி உண்மையைக் கொடுத்து அனுப்புவதாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். தண்ணீர் கடத்துமா என்று கேட்பதே தவறான கேள்வி. பெரும்பாலான வீட்டு விபத்துகளில் கரன்ட் தண்ணீர் வழியாக நெடுந்தூரம் பயணம் செய்து வந்து ஆளைத் தாக்குவதில்லை. ஆள் ஒரு உலோகத்தைத் தொடுகிறார்; அதில் ஏற்கெனவே கசிவு இருக்கிறது. அவரையும் அந்த உலோகத்தையும் பிரித்து வைத்திருப்பது தோலின் மேலடுக்கு, காய்ந்த செத்த செல்களால் ஆன மெல்லிய உறை. காய்ந்த விரல்நுனியால் லேசாகத் தொடும்போது அந்த உறை ஒரு லட்சம் ஓம் அளவுக்குத் தடை தரக்கூடும். 230 வோல்ட்டில் 2.3 மில்லி ஆம்பியர்தான் போகும். சுரீரென்று கையை இழுத்துக்கொள்வோம், ஈபிக்காரரைத் திட்டிவிட்டு மறந்துவிடுவோம். அதே கை நனைந்து ஊறி, முழு உள்ளங்கையும் பட்டு, கால் ஈரத் தரையில் இருந்தால் மொத்தத் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். தோலுக்கு உள்ளே இருக்கும் சதையும் ரத்தமும் உப்புநீர்தான். அங்கே தடை சில நூறு ஓம் மட்டுமே. இப்போது 230 மில்லி ஆம்பியர். வோல்ட்டேஜ் மாறவில்லை, கசிவு மாறவில்லை, ஆளும் மாறவில்லை. ஈரம் ஒன்றுதான் புதிது. அது நூறு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கிவிட்டது.

இங்கே தண்ணீர் எவ்வளவு தூய்மை என்பது பொருட்டே அல்ல. வியர்வை உப்பு எந்நேரமும் தோலில் இருக்கிறது. மிகத் தூய நீரைக் கையில் ஊற்றினாலும் அது அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு, தோலின் நுண்துளைகளுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் உப்புநீரோடு தொடர்பு ஏற்படுத்திவிடும். தண்ணீர் தன் உப்பைக் கொண்டுவர வேண்டியதில்லை, நம்மிடமே எடுத்துக்கொள்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களின் கையில் கரன்டைப் படிப்படியாக ஏற்றி, எந்த அளவில் அவர்களால் பிடியை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. இந்த எல்லைக்குக் கீழே இருப்பவர் உதறிவிட்டுத் தப்பிக்கிறார். மேலே போய்விட்டால், விட வேண்டும் என்று மூளை கட்டளையிட்டும் விரல்கள் மேலும் இறுகுகின்றன. ஒவ்வொரு நொடியும் வியர்வை பெருகித் தடை இன்னும் குறைகிறது. தகரக் கொட்டகையிலிருந்து வாசல் கம்பத்துக்கு இழுத்துக் கட்டிய கொடிக்கம்பியில் ஈரத்துணி காயப்போடும்போது நேரும் சாவுகளுக்கு இதுவே காரணம். தோல் உரிந்த சர்வீஸ் வயர் தகரத்தில் எங்கோ உரசி, கம்பிக்குக் கரன்ட் வந்திருக்கும். பிழிந்த துணியும் நனைந்த கையும் மண்தரையில் வெறுங்காலும் மீதியை முடித்துவிடுகின்றன. இழுக்கப் போகிறவரும் அதே ஈரத்தில் நிற்பதால், ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர்கள் சேர்ந்து போகின்றன. கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டியிருந்தால் இந்தச் சாவுக்கு வழியே இல்லை.

'எத்தனையோ வருஷமாக ஈரக்கையோடுதான் சுவிட்ச் போடுகிறோம், என்ன ஆகிவிட்டது?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. சுவிட்சின் பிளாஸ்டிக் முழுதாக இருக்கும்வரை, உள்ளே தண்ணீர் இறங்காதவரை, கைக்கும் செம்புக்கும் தொடர்பு ஏற்படுவதில்லை. அவர்களைக் காப்பாற்றியது பிளாஸ்டிக். தண்ணீரின் நற்குணம் அல்ல. விரிசல் விட்ட சுவிட்ச், ஓதம் ஏறிய சுவர், டேப் சுற்றி ஒட்டுப்போட்ட கிரைண்டர் வயர் என்று ஒரு காப்பு நீங்கும் நாளில், மிச்சம் இருக்கும் ஒரே காப்பு காய்ந்த தோல். ஈரக்கை அதையும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டது.

பக்கெட்டில் முக்கிக் காயவைக்கும் ஹீட்டர் ராடைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வெளியே தெரியும் சுருள் ஒரு உலோகக் குழாய். அதன் நடுவே நிக்ரோம் கம்பி ஓடுகிறது, கரன்ட் அதில்தான். இரண்டுக்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுகத் திணித்திருப்பார்கள். வெப்பத்தை விடும், காய்ந்திருக்கும்வரை கரன்டை விடாது என்பதால் அந்தப் பொடி. உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஓடிய ராடின் மேல் சுண்ணாம்பு மாதிரி ஓடு படிகிறது. வெப்பம் வெளியேற முடியாமல் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஒருநாள் மயிரிழை அளவு விரிசல் விடுகிறது. அந்த வழியே ஈரம் ஏறியதும் பொடியின் காவல் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் ராடு தண்ணீரைக் காயவைத்துக்கொண்டுதான் இருக்கும். எந்த மாற்றமும் வெளியே தெரியாது. பிளாஸ்டிக் பக்கெட் தரையிலிருந்து பிரித்து வைத்திருப்பதால், எர்த் இணைப்பும் இல்லாவிட்டால், கசிந்த கரன்டுக்குப் போக வழியில்லாமல் தண்ணீர் முழுவதும் கம்பியின் வோல்ட்டேஜிலேயே காத்திருக்கும். சூடு பார்க்க ஒருவர் விரலை விடும்போது வழி கிடைக்கிறது: விரல், மார்பு, கால், ஈரத் தரை. ராடின் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறதே என்றால், சுவர்ப் பெட்டியில் அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயர் எர்த் குழி வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டை மட்டும் இருந்து பின்னால் வெறுமையாக இருக்கும் வீடுகள் ஏராளம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும் என்பதற்கு மாற்று கிடையாது.

அடுத்து ப்ரேக்கர் என்ற நம்பிக்கை. மேலே போட்ட தொட்டிக் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். அதிலேயே அதிகம் கடத்தும் போர் தண்ணீரில் ஓடியது 4.6 ஆம்பியர். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையக்கூட அசையாது. ஆளின் உடலில் ஓடும் 0.23 ஆம்பியரை அது ஒரு சிறு மின்விளக்கின் சுமையாகவே எடுத்துக்கொள்ளும். எம்.சி.பி. கெட்ட சாதனம் என்பதல்ல பொருள். வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. மனிதனைக் காக்க அது செய்யப்படவே இல்லை. தண்ணீரில் கரன்ட் இறங்கினால் ஷார்ட் சர்க்யூட் ஆகி ப்ரேக்கர் விழுந்துவிடும் என்று நம்புவோர், தண்ணீர் தாமிரம் அளவுக்குக் கடத்தும் என்று தங்களை அறியாமலே நினைத்துக்கொள்கிறார்கள். கடல்நீரேகூடத் தாமிரத்தைவிடக் கோடி மடங்கு மட்டமான கடத்திதான். ஆளைக் கொல்லும் அளவுக்குக் கடத்தும். ப்ரேக்கரை விழவைக்கும் அளவுக்குக் கடத்தாது. தண்ணீரின் ஆபத்து துல்லியமாக இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியை அடைக்கும் கருவி இருக்கிறது. மேலே சொன்ன டால்சியலே 1961-இல் அமெரிக்காவில் அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர். நம் ஊரில் ஆர்.சி.சி.பி. என்றும் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்கிறார்கள். ஃபேஸில் போன கரன்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் எங்காவது வழிதவறிப் போனால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். அது அடிக்கடி டிரிப் ஆகிறது, தொல்லை என்று கழற்றிவிட்டு நேராக வயரைக் கொடுப்பதுதான் நான் அறிந்தவற்றிலேயே கொடிய பழக்கம். அது மழைநாளில் விழுகிறதென்றால் எங்கோ ஒரு சுவருக்குள்ளோ மோட்டாரிலோ ஈரம் இறங்கிக் கசிகிறது என்று சொல்கிறது. கசிவைத் தேடி அடைக்காமல் கருவியை எடுத்துவிட்டால், அடுத்த முறை அந்தக் கசிவைக் கண்டுபிடிக்கப் போவது வீட்டில் யாரோ ஒருவரின் உடல். அதே நேரம், இதையும் முழுக் கவசமாக நினைக்கக் கூடாது. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்தால், போனது அப்படியே திரும்புவதாகத்தான் கருவிக்குத் தெரியும், அது விழாது.

கரன்ட் தண்ணீரில் பரவி வலுவிழந்துவிடும் என்பது கேட்க நியாயமாக இருக்கும் வாதம். அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றி நிலத்திலும் தேங்கிய நீரிலும் வோல்ட்டேஜ் படிப்படியாகக் குறைந்துகொண்டுதான் போகிறது. ஆனால் அப்படிக் குறைவதுதான் ஆபத்து. ஒரு காலடி இருக்கும் இடத்துக்கும் அடுத்த காலடி விழும் இடத்துக்கும் வோல்ட்டேஜ் வேறு. அந்த வேறுபாடு கால்களின் வழியே உடலுக்குள் ஏறுகிறது. கம்பிக்கு அருகில் போகப் போக ஒரே எட்டுக்குள் வேறுபாடு கூடுகிறது. தேங்கிய நீரில் மாடுகள் முதலில் சாய்வது இதனால்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம், அந்த வழியில்தான் இதயமும் இருக்கிறது. 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில் தெருவில் தேங்கியிருந்த மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர் ஒரு கம்பியைக் கண்ணிலிருந்து மறைக்கப் போதும். பில்லர் பாக்ஸ் பக்கத்திலும் தெருவிளக்குக் கம்பத்தின் அடியிலும் தேங்கிய நீரில் இறங்காமல் சுற்றிப் போவதும், ஏற்கெனவே உள்ளே இருந்து காலில் மதமதப்பு தெரிந்தால் இரு பாதங்களையும் சேர்த்து வைத்துச் சிறு சிறு அடியாகத் தேய்த்தபடி வந்த வழியே திரும்புவதும் இந்தக் கணக்கிலிருந்து வரும் எச்சரிக்கைகள்.

இதோடு ஒட்டி இன்னொரு எண்ணமும் உண்டு: உப்பு கூடக் கூட ஆபத்து கூடும், ஆகவே கடல் கொடியது, ஆறும் குளமும் பரவாயில்லை. முழுக்க மூழ்கியிருப்பவர் விஷயத்தில் இது தலைகீழ். கடல்நீர் மனித உடலைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். கரன்ட் பெரும்பாலும் ஆளைச் சுற்றிக்கொண்டு நீர் வழியே போய்விடும். நன்னீர் உடலைவிட மோசமான கடத்தி. அங்கே உப்புநீர் நிறைந்த உடல்தான் சுலபமான வழி. அமெரிக்காவின் ஏரிப் படகுத்துறைகளில், படகிலிருந்து நீரில் கசிந்த கரன்டால் தசை செயலிழந்து நீச்சல்காரர்கள் மூழ்கிப்போவதைத் தனி வகை விபத்தாகவே பேசுகிறார்கள். அது பெரும்பாலும் நன்னீரில் நடக்கிறது. இயற்கையிலும் இதே கணக்கு உண்டு. அமேசான் நன்னீரில் வாழும் மின் விலாங்கு 860 வோல்ட் வரை உண்டாக்குவதை 2019-இல் அளந்திருக்கிறார்கள். குறைவாகக் கடத்தும் நீரில் இரையைத் தாக்க அவ்வளவு வோல்ட்டேஜ் தேவைப்படுகிறது. கடலில் வாழும் மின் திருக்கைக்கு அதைவிட வெகு குறைவான வோல்ட்டேஜ் போதும்; அது கரன்டை அதிகமாகக் கொடுத்து வேலையை முடிக்கிறது. நம் ஆறுகளிலும் குளங்களிலும் கள்ளத்தனமாகக் கரன்ட் வைத்து மீன் பிடிப்பவர்கள் நன்னீரின் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே குணத்துக்குத் தங்களையே பலி கொடுத்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு ஆட்சேபம். அறிவியல் உண்மையைப் பயத்துக்காக மறைக்க வேண்டுமா, தூய நீர் கடத்தாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாதா? சொல்ல வேண்டும். எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றும், பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டிலும் போதும். இந்த மீட்டர் சிறு பேட்டரியில் ஓடுவதால் ஆபத்தில்லை. முதலில் டிஸ்டில்டு வாட்டரை அளக்கச் சொல்லலாம். பூஜ்யத்தையோ அதையொட்டிய எண்ணையோ காட்டும். பிறகு ஆர்.ஓ. தண்ணீர், குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், வாசலில் தேங்கிய மழைநீர் என்று ஒவ்வொன்றாக அளந்து கரும்பலகையில் எழுதலாம். அதன்பின் ஒரு பிள்ளையை அழைத்து, விளையாடிவிட்டு வந்த கையை ஒரு கிண்ணம் டிஸ்டில்டு வாட்டரில் அலசச் சொல்லி, அந்தத் தண்ணீரை மறுபடி அளந்தால் எண் ஏறியிருக்கும். அந்த எண்ணையும் அதே பலகையில், முதலில் எழுதியதற்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.